மதில் ஏன் இன்னும் எழும்பவில்லை

உரும்பிராய்,
வைகாசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகனும் பேத்திமாரும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். தம்பியும் சுகமாக இருப்பான் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய காசு தை மாதமே கிடைத்துவிட்டது. சீமெந்துக் கல்லும் இறக்கியாயிற்று. கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். மதில் தொடங்கியாயிற்றா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். மேசனுக்குக் காய்ச்சல் என்றேன், பிறகு மணல் கிடைக்கவில்லை என்றேன். இரண்டும் உண்மையல்ல. போனில் இதைச் சொல்ல வரவில்லை. உனக்கும் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நீ போன புதிதில் அனுப்பிய நீலக் கடிதங்களை அம்மா சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அவை இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. அப்போது நீ ஒவ்வொன்றிலும் தம்பிக்கென்று தனியாக நாலு வரி எழுதுவாய்.

சின்னவளின் பிறந்தநாள் படங்கள் பார்த்தேன். கேக்குக்குப் பின்னால் நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். திரும்பவும் எண்ணினேன். வடிவான படம். சின்னவளுக்கு அம்மாவின் நெற்றி. குளிர் போய்விட்டது என்று காதை மூடாமல் பிள்ளைகளை வெளியே விடாதே. தம்பிக்கும் சின்ன வயதில் காதுக்குத்து வரும், உனக்குத் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது வேலி என்று இருப்பது எங்களுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் மதில், இல்லாவிட்டால் தகரம். சைக்கிளில் போனால் இரண்டு பக்கமும் சீமெந்துதான். யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று தெரியாது. வேலி இருந்த காலத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். கிணற்றுத் துலா போனது, கூரை போட்ட சங்கடப்படலை போனது. பனங்காயைத் தேய்த்து உடுப்புத் தோய்த்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டதையும், ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு நீ சோதனைக்குப் படித்ததையும் இன்றைக்குச் சொன்னால் இங்கே உள்ள பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் நீ இந்த நிலைக்கு வந்தாய். அதை நான் கோயிலடியில் சொல்லாத நாளில்லை. போனதெல்லாம் நல்லவை என்றும் சொல்ல மாட்டேன். எங்களுக்கு மூக்குப்பேணியில் தண்ணீர் கொடுத்த அதே முற்றத்தில் சிலருக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரட்டை போனது நல்லது.

ஆனால் வேலி வேறு. நீ மறந்திருக்க மாட்டாய். மாரிக்கு முன்பு அம்மாவும் பக்கத்து வளவுப் பெரியம்மாவும் மாமர நிழலில் எதிரெதிரே இருந்து ஊறிய தென்னோலையில் கிடுகு பின்னுவார்கள். கை பின்னும், வாய் ஓயாது. அடைக்கிற அன்று நான் உள்பக்கம் குத்தூசியோடு நிற்பேன். தம்பி வெளியே நின்று கயிற்றைக் கோத்து விடுவான். நீ கிடுகு எடுத்துத் தருவாய். தனி ஒருவரால் வேலி அடைக்க முடியாது. அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். அவன் தூங்கிவிட்டால் குத்தூசி சும்மா திரும்பி வரும், நீ வேலிக்கு மேலால் எட்டி அவனைத் திட்டுவாய். பழைய ஓலையைக்கூட எறிவதில்லை, தோட்டத்தில் தாழ்த்தினால் அடுத்த போகத்துக்குப் பசளை.

எவ்வளவு நெருக்கமாக அடைத்தாலும், குனிந்து போய்வர வேலியில் விட்ட பொட்டை மட்டும் அடைப்பதில்லை. கிணற்றடிக்கு நேரே இருந்த அந்தப் பொட்டால் ஆடிப்பிறப்புக்குக் கூழ் போகும், கொழுக்கட்டை வரும். உப்பு முடிந்தால் நீ குனிந்து போய் வருவாய். பெரியம்மாவின் கையில்தான் தம்பி முதலில் சோறு தின்றான். சண்டை பிடித்தால் இரண்டு பேரும் அங்கே போய்த்தான் ஒளிப்பீர்கள், பெரியம்மா இருவருக்கும் ஒரே கோப்பையில் குழைத்துத் தருவார். திரும்பி வரும்போது சண்டை இருக்காது. தம்பி எப்படி இருக்கிறான் என்று எழுது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டிலிருந்துதான் அவன் பேசுவான். இப்போது பஸ்ஸுக்குள் நின்று இரண்டு நிமிடம் பேசுகிறான். பின்னால் சத்தமாக இருக்கிறது.

1995 ஐப்பசி இடப்பெயர்வு இரவில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நெரித்தபோது அவன் கையை நீ விடவில்லை. எனக்குச் சைக்கிள், அம்மாவுக்கு மூட்டை. சாவகச்சேரிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், நீ பிடித்த இடம் அவன் மணிக்கட்டில் சிவந்து கிடந்தது. அப்படிப் பிடித்த பிள்ளை நீ.

இனி மதில் விஷயம்.

1996 சித்திரையில் திரும்பி வந்தபோது வேலியே இல்லை. வேலிக்கு நட்டிருந்த கதியால் தடிகளையும் யாரோ விறகுக்கு முறித்துவிட்டார்கள். பெரியம்மா குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது. இரண்டு வளவும் ஒரே வெளியாகக் கிடந்தன. கிளுவைத் தடியை மாரியில் நட்டால்தான் பிடிக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நட்டேன். மாமரத்தடியில் வந்தபோது கயிற்றை வளைத்தேன். பதினொரு கதியால். ஒரு முழம், சில இடத்தில் அதற்கும் கூட. அந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. பழைய எல்லைக் கல் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அதைப் பிடுங்கவில்லை, மேலே மண் போட்டு மூடினேன்.

வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சாத காலம், எல்லாம் இழந்தவன் ஒரு மரத்தை எடுத்தால் என்ன என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. பெரியப்பா உத்தியோகம், நான் தோட்டம். இந்த வீட்டுக்குக் கல்யாணம் செய்து வந்த நாளிலிருந்து அந்த மரத்துப் பழத்தை அவர்கள் தந்துதான் நான் சாப்பிட்டேன். முதல் பழம் எப்போதும் எங்களுக்குத்தான் வரும். தருகிற கை அவர்களுடையதாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2002-இல் வன்னிப் பாதை திறந்து, பெரியப்பாவை அங்கே இழந்துவிட்டு, பெரியம்மா திரும்பி வந்தார். மரத்தில் கை வைத்துக்கொண்டு, இது எங்கள் பக்கம் நின்றதல்லவா என்று மட்டும் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பழைய எல்லை இதுதான் என்றேன். அம்மா என் சொல்லை நம்பினாள். நம்பித் தன் கூடப்பிறந்தவளோடு வாதாடினாள், கோயில் சத்தியம் வரைக்கும் போனாள். அன்று பின்னேரம் பொட்டை அடைத்தது நான்தான். அதற்குப் பிறகு பதினேழு வருடம், அம்மா போகும்வரை, இரண்டு பேரும் பேசவில்லை. கிடுகு பின்னிய இரண்டு பேர். செத்தவீட்டுக்குப் பெரியம்மா தெருவைச் சுற்றி, குடை பிடித்துக்கொண்டு, யாரோ தூரத்து ஆள் மாதிரிப் படலையால் வந்தார். கடைசி நாட்களில் அம்மா என்னிடம், அக்கா ஏன் அப்படிப் பொய் சொன்னா என்று கேட்டாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நீயும் அங்கிருந்து பெரியம்மாவுக்கு எழுதுவதை நிறுத்தினாய். அதுவும் என் கணக்கில்தான்.

உன் சீதன உறுதிப் பத்திரத்தில் நாலு பரப்பு என்று இருக்கிறது. நிலத்தில் அதைவிடக் கூட இருக்கிறது. கிளுவையென்றால் பிடுங்கி நடலாம். நீ அனுப்பிய காசில் அந்த வளைவின் மேல் சீமெந்து ஏறிவிட்டால் அது உன் பெயரில் நின்றுவிடும். அதுதான் மேசனை மறித்தேன்.

மருமகன் நல்லவர், உன்னைக் கண்போல வைத்திருக்கிறார். அவரைக் குறைவாக நினைத்து எழுதவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் வந்தவனின் ஒரு சொல் கூடப்பிறந்தவர்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். நானும் வந்தவன்தான். இரவு வேலை முடிந்து தனியே வராதே. தம்பியின் வீடு அந்த வழியில்தானே.

காணி உன்னுடையது, அதனால் உன் சம்மதம் வேண்டும். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானே தோண்டிக் காட்டுவேன். மதிலை அங்கிருந்து நேராகப் பிடிக்கச் சொல்கிறேன். மரம் அந்தப் பக்கம் போகும். இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது. கிணற்றடிக்கு நேரே மட்டும் இரண்டரை அடி விட்டுக் கட்டும்படி கேட்கப் போகிறேன்.

பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் படலை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, உரத்துச் சொல்ல வேண்டும். ஒழுங்கைக்கே கேட்கும். கேட்கட்டும். நாளைக் காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே அங்கே போகிறேன்.

தம்பிக்கும் இதை எழுத நினைத்தேன். அவனுக்கும் இது தெரிய வேண்டும். இரண்டாம் தரம் எழுதக் கை வரவில்லை, அவனுடைய புது விலாசமும் என்னிடம் இல்லை. நீ வாசித்துவிட்டு இதை அவனிடம் கொடு. தபாலில் அனுப்பாதே, கையில் கொடு.

அன்புடன்,
அப்பா