முதலில் முகவரி, பிறகுதான் வலைப்பூ

ஆசிரியருக்கு,

முகநூலில் எழுதியதை ஓராண்டு கழித்துத் தேடி எடுக்க முடியவில்லை என்று சொந்த வலைப்பூ தொடங்குவோர் உண்டு. வலைப்பூ நடத்த உதவும் சேவைகளில் பிளாக்கரா, வேர்ட்பிரஸா என்பதுதான் அவர்கள் காதில் விழும் முதல் விவாதம். அதை நிதானமாக முடிவு செய்யலாம். முதலில் வாங்க வேண்டியது டொமைன், அதாவது தளத்தின் முகவரி.

ஒருகாலத்தில் இந்தியாவில், கூகுளின் பிளாக்கரில் தொடங்கிய பிளாக்ஸ்பாட் வலைப்பூக்கள் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரியில்தான் திறந்தன. 2020-இல் அந்தப் பெயர் கூகுளிடமிருந்து கைமாறிப்போனது. பதிவுகள் பிளாக்ஸ்பாட்.காமில் பத்திரமாக இருந்தன. பிறர் கொடுத்திருந்த ‘.இன்’ இணைப்புகள் மட்டும் செத்துப்போயின. முகவரி நம்முடையதாக இருந்தால் தளத்தை எங்கே மாற்றினாலும் இணைப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

‘.இன்’ முகவரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். முதலாண்டுத் தள்ளுபடியைப் பார்க்காமல், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். தளம் செய்து தருபவர் தம் கணக்கிலேயே டொமைனை வாங்கிவிடுவது வெகு சகஜம். பின்னால் அவரைப் பிடிக்க முடியாவிட்டால் முகவரியும் போச்சு. கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. காலாவதியானால் எச்சரிக்கைக் கடிதமே வந்து சேராது.

எழுத மட்டும்தான் வேண்டும் என்றால் பிளாக்கர் தாராளமாகப் போதும். டொமைனை இணைக்கும்போது அது இரண்டு சிநேம் (CNAME) பதிவுகளைத் தரும். முகவரியைத் தளத்தோடு இணைக்க, டொமைன் வாங்கிய கணக்கில் சேர்க்க வேண்டிய குறிப்புகள் இவை. ஒன்று எல்லோருக்கும் பொது. மற்றது உரிமையைச் சரிபார்க்க உங்களுக்கென்றே தருவது. இரண்டாவதைப் போடாமல் விட்டுவிட்டு ‘எரர்’ வருகிறதே என்று திண்டாடுபவர்கள்தான் அதிகம். ‘www’ இல்லாமல் தட்டினாலும் தளம் திறக்க, 216.239.32.21 முதலான எண்களைக் கொண்ட நான்கு ஏ (A) பதிவுகளையும் அங்கேயே சேர்க்க வேண்டும். மற்ற மூன்றிலும் 32-க்குப் பதிலாக 34, 36, 38 வரும். பிறகு ஒரு நாள் பொறுத்திருந்து, பாதுகாப்பான இணைப்பைத் தரும் எச்டிடிபிஎஸ்ஸை (HTTPS) இயக்குங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அந்த எழுத்துகளை உதறிவிட்டு பதிவுக்கு ‘blog-post_12’ என்பதுபோல ஒரு முகவரியைக் கொடுக்கும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் கணினி எழுத்துக் குறியீடான யுனிகோடின் ஒவ்வொரு குறியையும் ‘%e0%ae%95’ போல ஒன்பது இடம் பிடிக்கும் சதவீதக் குறிகளாக மாற்றியே சேமிக்கும். ‘கி’ என்ற ஓரெழுத்தில் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக 18 இடம். மொத்தமே 200 இடம்தான். ஏறக்குறைய 22 குறிகளைத் தாண்டினால் முகவரி பாதியில் அறுந்துவிடும். வாட்ஸாப்பில் பகிர்ந்தால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகளாக நீளவும் கூடும். எந்தத் தளமானாலும், வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு மாற்றினால் பழைய இணைப்பு உடையலாம்.

இன்னொன்று, பிளாக்கரின் ‘பேக்கப்’ கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் இருக்கும். படங்களுக்குப் பதில் அவற்றின் இணைப்புகள் மட்டுமே இருக்கலாம். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவையும் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேற்றும் படங்களின் மூலக் கோப்புகளைக் கணினியில் ஆண்டுவாரியாகப் போட்டு வையுங்கள்.

– வாசகர், திருச்சி