நரித்தோலும் படிக்கட்டும் படிமங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ருமேனியாவில் பிறந்த ஜெர்மன் நாவலாசிரியர் ஹெர்தா முல்லர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2009இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவரைப் பற்றிப் பேசியதோடு சரி, அப்புறம் யாரும் அதிகம் தொடவில்லை. அதற்காகவே கட்டுரையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொல்லும் ஒரு விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முல்லரின் நாவல்களில் வரும் பொருட்களையெல்லாம் அவர் 'கனவுத்தன்மை கொண்ட படிமங்கள்' என்கிறார். படிக்கும்போது அப்படித் தோன்றுவது உண்மைதான். அங்கேயே நின்றுவிட்டால் இந்த எழுத்து எதிலிருந்து பிறந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

கட்டுரையாளரே எடுத்துக்காட்டும் நரித்தோலைப் பார்ப்போம். 1992இல் வந்த நாவலில் அதினா என்ற ஆசிரியையின் வீட்டுத் தரையில் ஒரு நரித்தோல் கிடக்கிறது. ஒருநாள் கால் பட்டதும் வால் தனியாக நகர்ந்துவிடுகிறது. யாரோ அறுத்து, அறுத்தது தெரியாதபடி பொருத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சில நாள் கழித்து ஒரு கால், பிறகு இன்னொரு கால். இது முல்லர் கற்பனை செய்தது இல்லை. ருமேனியாவில் அவருடைய சொந்த வீட்டில், அவர் சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு போய் வாங்கிய நரித்தோலுக்கு நடந்தது. ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ரகசியப் போலீசான செக்யூரிடாட்டே செய்த வேலை. பூட்டை உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. நினைத்த நேரத்தில் உள்ளே வந்து போக முடியும் என்று காட்டினால் போதும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்?

1994இல் வந்து, ஆங்கிலத்தில் 'தி லேண்ட் ஆஃப் கிரீன் பிளம்ஸ்' என்று அறியப்பட்ட நாவலிலும் இப்படித்தான். அதில் நண்பர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். எந்தக் கடிதத்திலும் ஒரு தலைமுடியை வைக்க வேண்டும். முடி இல்லையென்றால் வழியில் யாரோ பிரித்துவிட்டார்கள். நகம் வெட்டும் கத்தரியைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தால் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். காலணி என்றால் வீட்டில் சோதனை. சளி பிடித்திருக்கிறது என்றால் பின்தொடர்கிறார்கள். விளிப்புக்குப் பிறகு எப்போதும் ஆச்சரியக்குறி போட வேண்டும். கொலை மிரட்டல் வந்திருந்தால் மட்டும் வெறும் கமா. இதைப் படித்த பிறகு அந்த நாவலில் கத்தரி வரும் இடத்திலெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. சாதாரணப் பொருள் ஒவ்வொன்றிலும் பயம் ஒட்டிக்கொண்டிருக்கும் வாழ்க்கை அது. அந்த வாழ்க்கையை எழுதுகிறவருக்கு அலங்காரம் எதற்கு?

அவருடைய குட்டை வாக்கியங்களும் அங்கிருந்து வந்தவை என்றே நான் நினைக்கிறேன். ஒரு வாக்கியம் அடுத்ததைக் கைபிடித்து அழைத்துப் போகாது. 'ஏனென்றால்', 'ஆகையால்' எல்லாம் அரிது. விசாரணை மேசைக்கு எதிரே உட்கார்ந்தவருக்குத் தெரியும், கூடுதலாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தனக்கு எதிராகத் திரும்பும் என்று.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன தொழிற்சாலைக் காலத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970களின் இறுதியில் முல்லர் ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, உளவு சொல்ல ஒத்துழைப்பதாக எழுதித் தரச் சொன்னார். பெயர், பிறந்த தேதி, முகவரி வரை எழுதிய முல்லர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு அந்தக் குணம் இல்லை" என்றார். அந்த ஆள் கொதித்துப்போய்த் தாளைக் கிழித்தெறிந்தார். பிறகுதான் மேலதிகாரிக்குக் காட்டக் கணக்கு வேண்டுமே என்று உறைத்திருக்கிறது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். ஆத்திரம் தீரப் பூச்சாடியைச் சுவரில் அடித்தார். போகும்போது, "உன்னை ஆற்றில் மூழ்கடிப்போம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். சர்வாதிகாரத்தின் கொடூரத்தையும் அதன் குமாஸ்தாத்தனத்தையும் ஒரே காட்சியில் இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதன் பிறகு தொழிற்சாலையில் முல்லரின் அறை பறிபோனது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லி நீக்க இடம் கொடுக்கக் கூடாதே என்று, படிக்கட்டில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, அகராதிகளோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் உளவாளி என்று சக ஊழியர்களிடம் புரளியும் கிளப்பிவிட்டார்கள். எதைச் செய்ய மறுத்தாரோ அதையே செய்தார் என்ற பழி! கடைசியில் வேலையும் போனது. இதெல்லாம் அவருடைய நோபல் உரையிலேயே இருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்துத் தன்னைப் பற்றிய ரகசியக் கோப்பு அவர் கைக்கு வந்தது. அதில் அவருக்கு 'கிறிஸ்டினா' என்று சங்கேதப் பெயர். மூன்று தொகுதிகள், 914 பக்கங்கள். அவற்றில் அந்தத் தொழிற்சாலைக் காலமே இல்லை என்று 2009இல் அவர் எழுதினார். படிக்கட்டு இல்லை, மிரட்டல் இல்லை. பக்கங்களை உருவிச் சுத்தம் செய்துவிட்டார்கள். அரசு அழித்த சாட்சியம் ஓர் எழுத்தாளரின் பக்கங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது, அதைப் படிமம் என்று சொல்லிவிட்டுப் போவது பெரிய அநியாயம் இல்லையா?

இன்னொன்று. 'ஜெர்மன் சிறுபான்மையின் குரல்' என்ற வர்ணனையும் முழு உண்மை இல்லை. ருமேனியாவின் பனாத் பகுதியில், நிட்ஸ்கிடோர்ஃப் என்ற ஜெர்மன் கிராமத்தில் 1953இல் பிறந்தவர் அவர். முதல் கதைத் தொகுப்பு 1982இல் தணிக்கைக்கு உள்ளாகி வெளிவந்தது. அதில் அந்தக் கிராமத்தின் போலித்தனத்தையும் நாஜிக் கடந்த காலத்தையும் போட்டு உடைத்ததால் சொந்த மக்களே அவரைத் தூற்றினார்கள். அவருடைய அப்பா ஹிட்லரின் எஸ்எஸ் படையில் இருந்தவர். அதை அவர் எங்கும் மறைக்கவில்லை. அதே சமயம், அவருடைய அம்மா ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக 1945இல் சோவியத் கட்டாய உழைப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு ஐந்து ஆண்டுகள் கிடந்தார். இந்த இரண்டு வரலாறும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டன. எந்தத் தரப்புக்கும் வக்காலத்து வாங்காத ஒருவரை ஓர் இனத்தின் பிரதிநிதியாக்குவது பொருந்தவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கைக்குட்டையில் தொடங்கும் அந்த நோபல் உரையை, உரிய அனுமதி பெற்று, முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் பலர் தங்கள் இதழில் எழுதுகிறார்கள். நீளம் கருதி இரண்டு இதழ்களாகப் பிரித்துப் போட்டாலும் சரி, தயவுசெய்து சுருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்