சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ?

திருவெறும்பூர்,
ஞாயிறு இரவு

பங்காளி,

நலமா இருக்கியா? இங்க எல்லாரும் நலம். அம்மாவுக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு. பெரியவ தஞ்சாவூர்ல வேலைக்குச் சேர்ந்துட்டா, வாரக் கடைசியில வந்து போறா. உன் வீட்டு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்க ஆள் சொல்லியாச்சு. கூலியை உன் தம்பி பார்த்துக்கறேன்னுட்டான். நம்ம கூட்டாளி மீசை, நீ கொண்டு வரவேண்டிய அந்த ஸ்டவ்வை வழக்கம்போலக் கேட்டான். நீயே அவனுக்குப் பதில் சொல்லிக்க.

இப்போ விஷயம். நம்ம சோடாபுட்டி மகன் துவாக்குடியில ஷெட் எடுத்து நடத்தறான்ல, ஒரு ஆர்டர்ல மாட்டிக்கிட்டான். 1,200 சதுர மீட்டர் கிரேட்டிங், பாய்லர் பிளாட்ஃபார்ம்ல ஆள் நடக்கற கம்பித் தளம். 25 எம்எம் உயரம், 5 எம்எம் தடிமன்ல ஃபிளாட் பட்டை, 30 பிட்ச், அதாவது 30 எம்எம்முக்கு ஒரு ஃபிளாட், குறுக்கே கிராஸ் ராடு 100 எம்எம்முக்கு ஒண்ணு, துத்தநாகத்துல முக்கற கால்வனைசிங்கோட சேர்த்து சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட். ஃபிளாட்டும் ராடும் வெல்டு பண்ணி வர்ற ஷீட்டை அவன் கிலோ கணக்குல வாங்கறான். கால்வனைசிங்காரனும் முக்கி எடுத்த பிறகு நிறுத்து கிலோவுக்குத்தான் காசு கேக்கறான். விக்கறது மட்டும் சதுர மீட்டர்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒரு எண், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ. அதை 35ன்னு போட்டு கொட்டேஷன் கொடுத்துட்டான்.

வேலை முடியறதுக்குள்ளயே வாங்கின ஷீட்டு தீர்ந்துபோச்சு. சோடாபுட்டி எனக்கு போன் பண்ணி, "பையன் ராத்திரியில தூங்கவே மாட்டேங்கறான், ஒரு எட்டு வந்து பாரு"ன்னான். அவன் குரல்ல அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை.

போய் உட்கார்ந்து, 35 எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். பேப்பர்ல போட்டுக் காட்டினான். 25ஐயும் 5ஐயும் பெருக்கி, இரும்போட அடர்த்திக்கான 0.00785ஆல பெருக்கினா ஒரு மீட்டர் ஃபிளாட் 0.981 கிலோ. 30 பிட்ச்சுக்கு ஒரு மீட்டர் அகலத்துல 33.33 ஃபிளாட், ஆக 32.7. கிராஸ் ராடு 6 எம்எம், மீட்டருக்குப் பத்து. அதுக்கு நாம பாலிடெக்னிக்ல மனப்பாடம் பண்ணின டி ஸ்கொயர் பை 162, அதாவது விட்டத்தோட வர்க்கத்தை 162ஆல வகுக்கறதைப் போட்டு 0.222, பத்துக்கு 2.2. கூட்டினா 34.9. அதை 35 ஆக்கிட்டான்.

கூட்டல், பெருக்கல்ல ஒரு பிழை கிடையாது பங்காளி. அதான் எனக்கு மனசு ஆறலை. பையன் கவனமாத்தான் போட்டிருக்கான். ஆனா கணக்குல இருக்கற கிரேட்டிங் வேற, ஷெட்டுல கிடக்கற கிரேட்டிங் வேற. அந்த கிராஸ் ராடு உருண்டைக் கம்பி இல்லையே, முறுக்கின சதுரக் கம்பி. 162 உருண்டைக்குத்தான். சதுரத்துக்கு மீட்டர் 0.283 வரும். சதுர மீட்டருக்கு 600 கிராம் கூடுது, 1,200க்குப் பெருக்கினா 700 கிலோவுக்கு மேல. கம்பியைக் கையில எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது அந்த 33.33. மூணுல ஒரு பங்கு ஃபிளாட்டை யாரு வெச்சு வெல்டு பண்றா? வர்ற ஷீட்டு 995 அகலம். 33 இடைவெளி, 34 ஃபிளாட். 33ஐ 30ஆல பெருக்கி, கடைசி ஃபிளாட்டோட 5ஐக் கூட்டிப் பாரு, 995 வரும். எப்பவுமே இடைவெளியைவிட ஃபிளாட்டு ஒண்ணு அதிகம். அகலமான பேனல்ல அந்த ஒண்ணு பெருசாத் தெரியாது. 305 அகலத்துல சின்ன பேனல் போட்டா 11 ஃபிளாட், அதாவது மீட்டருக்கு 36. சதுர மீட்டருக்கு ரெண்டரை கிலோவுக்கு மேல அந்த ஒரு ஃபிளாட்டுலயே ஏறிடுது.

பேண்டிங்கை அவன் சேர்க்கவே இல்லை. "அது ஓரத்துல ஒரு பட்டைதானே மாமா"ன்னான். சரின்னு அவன் பக்கத்துல உட்கார்ந்து ஒரு முழு பேனலை உருப்படி உருப்படியா எழுத வெச்சேன். அகலம் 995, ஸ்பேன், அதாவது ஃபிளாட் ஓடற பக்கம், 1,000. ரெண்டு முனையிலயும் பட்டை அடிக்கறதால ஃபிளாட் நீளத்துல 10 எம்எம் கழியும், 990. அந்த நீளத்துல 34 ஃபிளாட், 33.03 கிலோ. பத்து கிராஸ் ராடு, 2.81. ரெண்டு பேண்டிங், 1.95. மொத்தம் 37.79. அப்புறம் துத்தநாகம். கால்வனைசிங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4759 சதுர மீட்டருக்குச் சொல்ற 610 கிராமை ஒவ்வொரு ஃபிளாட்டோட நாலு பக்கத்துக்கும் போடணும், மேல தெரியற பரப்புக்கு மட்டும் இல்லை. ஒரு சதுர மீட்டர் கிரேட்டிங்குல நனையற பரப்பு ரெண்டு சதுர மீட்டருக்கு மேல வருது. அது ஒரு 1.45 கிலோ. ஆக பேனல் 39.24. சதுர மீட்டருக்குப் பார்த்தா 39.4.

அந்த எண்ணை எழுதிட்டு பையன் பேனாவைக் கீழ வெச்சுட்டான். நாலு கிலோவுக்கு மேல வித்தியாசம், 1,200 சதுர மீட்டருக்கு அஞ்சு டன்னைத் தாண்டுது. கிலோ நூறு ரூபாய்னு வெச்சாக்கூட அஞ்சு லட்சம். இந்த ஆர்டர்ல லாபம்னு அவன் மனசுல வெச்சிருந்த தொகையே அதைவிடக் குறைச்சல்.

இவன் ஒருத்தனைச் சொல்லி என்ன பண்றது? இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பாதிப் பேரு இப்படித்தான் கேட்லாக் எண்ணை எடுத்துப் பரப்பால பெருக்கி ரேட் கொடுத்துக்கிட்டிருக்காங்க. பெரிய ஹால் மாதிரி நீளமான பிளாட்ஃபார்ம்னா அது தப்பிச்சுடும். 3 மீட்டர் பேனல்ல பேண்டிங் சதுர மீட்டருக்கு 650 கிராம்தான். ஆனா பாய்லர் பிளாட்ஃபார்ம்ல ஏது நேரான பேனல்? எங்க பார்த்தாலும் பைப்பு, டக்ட், ஹேங்கர். ஓட்டை போட்டா எடை குறையும்னு பையன் அதைக் கழிச்சு வேற வெச்சிருந்தான். 500 விட்டத்துல ஒரு ஓட்டைன்னு வெச்சுக்க. வெட்டி எடுக்கறது 7 கிலோ. சுத்தி ஓரத் தடுப்பா 100க்கு 6 டோ பிளேட் வளைச்சு வைக்கணும், 1.57 மீட்டர், 7.4 கிலோ. ஓட்டை போட்ட பேனல் ஓட்டை இல்லாததைவிட கனம்! வெட்டின துண்டு ஸ்கிராப்புக்குப் போகுது, அதுக்கும் காசு கொடுத்துத்தானே வாங்கியிருக்கான்.

படி இன்னும் மோசம். 800க்கு 245ல ஒரு டிரெட், பரப்புக் கணக்குல 7 கிலோ. ரெண்டு பக்க பிளேட்டும் முன் விளிம்பு ஆங்கிளும் சேர்ந்தா 10 கிட்ட வந்துடும். படிக்குத் தனி ரேட் கேக்காதவன் ஒவ்வொரு படியிலயும் கைக்காசைப் போட்டுக் கட்டறான்.

இனி வர்ற சேதி நல்லது. டிராயிங்கைப் பிரிச்சப்போ நிறைய பேனல் 500 அகலம்னு இருந்துச்சு. 995 ஷீட்டை ரெண்டா வெட்டினா 17, 17 ஃபிளாட்டா ரெண்டு 485 கிடைக்கும். 500 வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபிளாட்டை ஓரத்துல ஒட்டவெச்சு வெல்டு பண்ணணும். வெட்டுக்கூலி, ஃபிளாட், வெல்டு, கிரைண்டிங், எல்லாம் வீண். ரெண்டு 500ஐச் சேர்த்து ஒரே 995ஆ வெச்சு 5 எம்எம் இடைவெளி விட்டா அதே 1,000 கச்சிதமா நிறையுது. ஆர்டர் கொடுத்தவங்க இன்ஜினியரைப் பார்த்துப் பேசுன்னு பையனை அனுப்பினேன். அந்த மனுஷன் நல்லவர், பொறுமையாக் கேட்டிருக்கார். வால்வு இருக்கற இடத்துல மட்டும் ஒரு ஆள் தூக்கற மாதிரி சின்ன பேனல் வேணும், மத்த இடத்துல மாத்திக்கோன்னுட்டார். முழு நஷ்டமும் திரும்பாது. ஆனா பையன் அன்னைக்கு ராத்திரி தூங்கினான்னு சோடாபுட்டி சொன்னான்.

இதுக்கு நடுவுல ஒரு ஆள் அவன் காதுல ஒண்ணு ஓதியிருக்கான். 5 எம்எம்முக்கு 4.7ல ஃபிளாட் கிடைக்கும், 6 சதவீதம் எடை மிச்சம், கால்வனைசிங் ஆன பிறகு யாரு வெர்னியர் வெச்சுப் பார்க்கப் போறான்னு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தடிமன்ல 6 சதவீதம் போனா தாங்கற பலத்துலயும் 6 சதவீதம் போச்சு. உயரம் 25ல ஒரு எம்எம் குறைஞ்சா 8 சதவீதம் போயிடும். அது மேல நடக்கறவன் யாரு? ராத்திரி ஷிஃப்டுல கையில ஸ்பேனரோட போற ஒரு ஹெல்பர். நஷ்டம் வந்தா வீட்டை அடமானம் வெச்சு மீட்டுக்கலாம், அந்த வழிக்கு மட்டும் போகாதேன்னு பையன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். அவனுக்கும் அதுல விருப்பம் இல்லை, கேட்டதையே சொல்ல வெட்கப்பட்டான்.

எடை மட்டும் சரியா வந்தாப் போதும்னு அவன் நினைச்சுடக் கூடாதுன்னு இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தேன். 1,000க்கு 600 பேனல், 600க்கு 1,000 பேனல், ரெண்டும் தராசுல ஏறக்குறைய ஒண்ணுதான். ஸ்பேன் எந்தப் பக்கம்னு டிராயிங்ல பார்க்காம செஞ்சா ஃபிளாட் பீம்ல உட்காராது, 6 எம்எம் கம்பிதான் ஆளைத் தாங்கணும். தாங்காது. பேனலைப் பீமோட பிடிக்கற கிளிப்பும் அப்படித்தான். பேனலை வெச்சுட்டு, கிளிப் நாளைக்குப் போட்டுக்கலாம்னு விட்ட இடத்துல நம்ம கூட்டாளி ஹீரோவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்கும் எனக்கும் தெரியும். அதை நான் பையன்கிட்ட முழுசாச் சொன்னேன். அவன் அப்பாவே இத்தனை வருஷமா சொல்லலையாம்.

ஆகவே உனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, சவுதியில ஜுபைல்ல நீ வெச்சிருக்கற எஸ்டிமேட் ஷீட்டை அனுப்பு. பேனல் வாரியா ஃபிளாட், கிராஸ் ராடு, பேண்டிங், டோ பிளேட், துத்தநாகம்னு தனித்தனிப் பத்தி இருக்கும்னு சொல்லுவியே, அது. அங்க 19 டபிள்யூ 4ன்னு அமெரிக்க முறையில வர்ற டிராயிங்கை எப்படி மாத்தறீங்கன்னும் ரெண்டு வரி எழுது. 19ன்னா அங்குலத்துல பதினாறுல 19 பங்கு, 30.16 எம்எம்தானே, எடை பெருசா மாறாது. ஆனா 30ன்னு நினைச்சு வெட்டின பேனல் நீளமான வரிசையில கடைசியில உட்காராமப் போகும்னு நினைக்கறேன். நீ கண்ணால பார்த்தவன், சரியாச் சொல்லு.

ரெண்டாவது, பொங்கலுக்கு வரும்போது ஒரு நாளை எனக்கு ஒதுக்கு. எஸ்டேட்ல சின்ன ஷெட் வெச்சிருக்கற பசங்களை ஒரு ஞாயித்துக்கிழமை சோடாபுட்டி மகன் ஷெட்டுலயே உட்கார வெச்சு, தராசுல ஒரு பேனலை ஏத்தி, ஒவ்வொரு உருப்படியா எழுதிக் காட்டணும். ஃபிளாட்டை நான் பார்த்துக்கறேன், படியும் டோ பிளேட்டும் நீ. மீசை டீ, வடை செலவு தன்னோடதுன்னு இப்பவே சொல்லிட்டான், ஸ்டவ் வந்தாத்தானாம்.

டிக்கெட் போட்ட உடனே தேதியைச் சொல்லு. பசங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும், பொங்கல் நேரத்துல ஆளுக்கொரு ஊருக்குப் போயிடுவானுங்க.

உன் பங்காளி