இரண்டாவது படத்தில் இருக்கும் தோல்

வாணியம்பாடி
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

தரையில் விரிக்க வாங்கலாம் என்று நீ பார்த்துவைத்த மூன்று தோல் விரிப்புகளின் படங்களும் வந்தன. போனிலேயே இரண்டு வரி பதில் போட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் தோல் தரம் பிரித்தவனிடம் "எதை வாங்கட்டும்?" என்று கேட்டால் கடிதமாகத்தான் வரும்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் மெல்போர்ன் வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். மரத்தரையைப் பார்த்துவிட்டு, "குளிரில் வெறுங்காலோடு எப்படி நடப்பான்?" என்றாள். ஆக, தோல் விரிப்பு வாங்க அம்மாவின் சம்மதமும் கிடைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் படத்தில் வரிக்குதிரை மாதிரி இருப்பது மாட்டுத்தோல்தான். வெள்ளைத் தோலில் கறுப்பு வரியை அச்சடித்திருப்பார்கள். முடியை விரலால் பிரித்துப் பார், நுனியில் கறுப்பும் அடியில் வெள்ளையும் தெரியும். பிடித்திருந்தால் வாங்கலாம், ஏமாற்று ஒன்றும் இல்லை. எனக்கென்னவோ ஒரு மாட்டுக்கு வேறு மிருகத்தின் சட்டையை மாட்டிவிட்டது போல இருக்கிறது. மூன்றாவது தோலே இல்லை என்று நினைக்கிறேன். இடது பக்கம் இருக்கும் திட்டு அப்படியே வலது பக்கமும் இருக்கிறது. எந்த மாடும் அவ்வளவு கச்சிதமாகப் பிறக்காது. சந்தேகம் இருந்தால் நாலு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டு. நிஜ முடி கருகி, முடி பொசுங்கும் நாற்றம் வரும். செயற்கை நூல் உருகி மணியாகத் திரளும்.

இரண்டாவதுதான் என் கண்ணை விட்டு அகலவில்லை. பழுப்பும் கறுப்பும் கலந்த அந்த நிறம், முதுகெலும்பு நெடுக இருண்டு ஓரத்தில் வெளுக்கும் அந்தக் கோடு, இடுப்புப் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு வடு. பிரேசில் சரக்கு என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வடுவால்தான் யோசிக்கிறாய் என்று தெரிகிறது. மாப்பிள்ளை, வேலிக் கம்பியில் உரசியோ இன்னொரு மாட்டின் கொம்பு பட்டோ அது வந்திருக்கும். நம் ஊர் மாட்டுத்தோலில் நுகத்தடி தேய்ந்த இடமும் உண்ணி கடித்த புள்ளியும் இருக்குமே, அந்த மாதிரி. ஷூ தைக்கிறவனுக்கு அது குறை. தரையில் விரிப்பவனுக்கு அது அந்த மாடு உயிரோடு திரிந்ததற்கான அடையாளம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார், ஆனால் அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

நீ பார்க்க வேண்டியது வேறு. கடைக்குப் போனதும் தோலைப் புரட்டிவிடு. எங்கள் தொழிலில் சதைப்பக்கத்தைப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். அது ஒரே சீராக, வெல்வெட் போலத் தட்டுப்பட வேண்டும். மடித்தால் காகிதம் மாதிரி சலசலக்கக் கூடாது. மூக்கருகே கொண்டுபோனால் தோல் வாசம் மட்டும்தான் வர வேண்டும். ஊசல் வாடை அடித்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடு. அப்புறம் முடியைக் கொத்தாகப் பிடித்து இழு. ஒன்றிரண்டு முடி வந்தால் பரவாயில்லை, கொத்தாகக் கையோடு வந்தால் தொலைந்தது. இங்கே நாங்கள் பெரும்பாலும் சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்கிவிடுவோம். முடியோடு பதனிடும் தோலுக்குச் சுண்ணாம்பு ஆகாது. உரித்த கையோடு உப்புப் போடாமல் விட்ட தோலில் முடியின் வேர் அழுகத் தொடங்கிவிடும். பிற்பாடு எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலும் அது உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

விரிக்கும்போது அதன் உருவம் முழுசாகத் தெரியும்படி விரி. கால் பகுதிகளை சோபாவுக்கு அடியில் திணிக்காதே. வேண்டுமானால் ஒரு ஓரத்தில் சோபாவின் முன்கால் மட்டும் ஏறட்டும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கூடவே கூடாது, நாற்காலியை இழுத்து இழுத்து முடியை ஒடித்துவிடுவீர்கள். முடி கழுத்திலிருந்து வால் பக்கம் படிந்திருக்கும், அதனால் ஒரு பக்கம் நின்று பார்த்தால் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் தெரியும். நாலு பக்கமும் சுற்றி வந்து எந்தத் திசை நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிடத்து. ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் ஹீட்டர் காற்று அடிக்கும் இடமும் வேண்டாம். வாக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷைக் கழற்றிவிட்டு, முடி படிந்த திசையிலேயே இழு. எடுத்து வைக்க நேர்ந்தால் சுருட்டி வை, மடிக்காதே.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. மகள் நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த செம்மறித் தோல் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கோடை மழையில் ஜன்னலோரம் நனைந்துவிட்டது. நான் வெளியூரில் இருந்தேன். வீட்டில் நல்ல எண்ணத்தோடு அதை மொட்டை மாடியில் மே மாத வெயிலில் காயப்போட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் அப்பளம் போல விறைத்துச் சுருங்கிக் கிடந்தது. நிழலில், காற்றில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

உன் மகள் கேட்டாளாம், "இதற்காக ஒரு மாட்டைக் கொல்ல வேண்டுமா அப்பா?" என்று. நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல். மாட்டை வெட்டுவது இறைச்சிக்காக. தோல் அதோடு வருவது, யாரும் எடுக்காவிட்டால் குப்பைக்குப் போகும். ஆனால் தொழிலில் பாவமே இல்லை என்று சொல்லிவிடாதே. நம் பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் என்ன பாடு படுத்தியது என்று இரண்டு பேரும் பார்த்தோமே. 1996-ல் உச்ச நீதிமன்றம் வந்துதானே மாசு செய்தவனே இழப்பீடு தர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் அவளிடம் சொல்.

கடைசியாக, உங்கள் தாத்தா உட்கார்ந்து ஜபம் செய்த புள்ளிமான் தோல். அதை எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டும் யோசனையை இன்றோடு விட்டுவிடு. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பரம்பரைச் சொத்து என்று சும்மா வைத்துக்கொள்ள முடியாது, உரிமைச் சான்று வேண்டும். கையில் இருப்பதைச் சொல்லிச் சான்று வாங்க 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் யாரும் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. தாத்தாவின் பெட்டியில் காகிதம் இருக்கிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல். இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். தாத்தா உட்கார்ந்த இடம் நினைவில் இருந்தால் போதாதா?

சனிக்கிழமை கடைக்குப் போவதாக எழுதியிருந்தாய். அந்த இரண்டாவது தோலைப் புரட்டி, சதைப்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு என்ன விலை கொடுக்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
உன் மூன்றாவது பெஞ்சுக்காரன்