அது பேய் மில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆளில்லாமல் கிடக்கும் இடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காட்டுக்குள் நிற்கும் ஒரு பஞ்சாலையின் படத்தைப் போட்டு, கீழே 'பேய் மில்' என்று எழுதியிருந்தீர்கள். மகள் வீட்டுக்கு அட்லாண்டா வந்திருக்கும் இந்த மூன்று மாதத்தில் அந்த இடத்துக்கு நான்கு முறை போய் வந்துவிட்டேன். அந்த வார்த்தை மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

அந்த ஊருக்குப் பெயர் உண்டு: நியூ மான்செஸ்டர். அட்லாண்டாவுக்கு மேற்கே, ஸ்வீட்வாட்டர் கிரீக் என்கிற ஓடையின் கரையில் இருந்தது. இப்போது அந்தக் காடு மாநிலப் பூங்கா. காரை நிறுத்திவிட்டு இறங்கினால் ஓடையை ஒட்டியே மண்பாதை போகிறது. மில் சுவர் வரை சுமார் அரை மைல்தான். என் முழங்காலுக்கே அது பெரிய நடை இல்லை.

அந்தப் பாதையில் நடக்கும்போது இலை மூடிய நீளமான பள்ளம் ஒன்று கூடவே வரும். மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் என்று மகள் நினைத்துவிட்டாள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அது மனிதர் வெட்டிய வாய்க்கால். மேலே அணை கட்டி ஓடைத் தண்ணீரைத் திருப்பி, அதிகம் சரியாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓடை பாறைக்குப் பாறை குதித்துக் கீழே இறங்கிவிடும். வாய்க்கால் தண்ணீர் மட்டும் இறங்காமல் மேலேயே வரும். மில்லுக்கு வந்து சேரும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ, அதுதான் மில்லின் உயிர். அந்த உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரத்தின் ஓட்டம் தண்டு, பெல்ட் வழியாக மேல்மாடி வரைக்கும் ஏறி, நூல் நூற்கும் கதிர்களையும் துணி நெய்யும் தறிகளையும் ஓட்டியது. சுவரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால் பாதி மில்லைத்தான் பார்த்ததாக அர்த்தம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் பிறந்து வளர்ந்தது விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்தில் தாமிரபரணி மலையைவிட்டு இறங்குகிற வேகத்தை நம்பித்தான் 1880களில் பிரிட்டிஷ் வியாபாரிகளான ஹார்வி சகோதரர்கள் எங்கள் ஊரில் மில் வைத்தார்கள். அப்பாவுக்கு அங்கே பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா முந்தானையால் தட்டிவிடுவாள். மில் சங்கை வைத்துத்தான் எங்கள் தெருவில் நேரம் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட தெருவிலிருந்து போனவனுக்கு, அந்தக் காட்டுச் சரிவில் தொழிலாளர்களுக்காக மில் நடத்திய கம்பெனிக் கடையின் அஸ்திவாரக் கல்லைப் பார்த்தால் அங்கே வரிசையில் நின்றவர்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள்.

மில் 1849இல் ஓடத் தொடங்கியது. ஐந்து மாடி. அன்றைக்கு அட்லாண்டாவிலேயே அத்தனை உயரக் கட்டடம் கிடையாது என்கிறார்கள். இப்போது கூரை இல்லை, தளம் இல்லை. செங்கல் சுவரும், வரிசை வரிசையாக ஜன்னல் ஓட்டைகளும், உத்தரக்கட்டை சொருகியிருந்த குழிகளும் மிச்சம். சுவரைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். பூங்கா ஊழியர் கூட்டிப்போனால்தான் உள்ளே போக முடியும். வேலியைத் தாண்டுவது சாகசம் என்கிற மாதிரி உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். 170 வருஷத்துக்கு மேலான சுவர், ஒரு செங்கல் சரிந்தாலும் ஆள் பிழைக்க முடியாது.

சரி, ஊர் எப்படிக் காலியானது? ஆற்று வெள்ளமும் இல்லை, கொள்ளை நோயும் இல்லை. 1864 ஜூலை மாதம், அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில், தளபதி ஷெர்மனின் வடக்குப் படை அட்லாண்டாவை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மில் தெற்குப் படைக்குத் துணி நெய்து கொடுத்தது. ஜூலை 2ஆம் தேதி குதிரைப்படை வந்து மில்லைப் பிடித்தது. 9ஆம் தேதி தீ வைத்தார்கள். அதோடு விடவில்லை. மில்லில் வேலை செய்தவர்களைத் துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். ஆண்களில் பலர் போருக்குப் போயிருந்ததால் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் அகப்பட்டார்கள். ராஸ்வெல் என்ற பக்கத்து மில் ஊரிலும் அதே கதை. அங்கே மட்டும் சுமார் 400 பேர். எல்லோரையும் மாரியெட்டா என்ற ஊருக்குக் கொண்டுபோய், ரயிலில் ஏற்றி, வடக்கே கென்டக்கி மாநிலத்துக்கும் அதற்கும் அப்பால் இண்டியானாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. பெண்கள் ஓலமிடுவார்கள் என்பது ஷெர்மனுக்குத் தெரிந்தே இருந்தது. தனக்குக் கீழிருந்த குதிரைப்படைத் தளபதிக்கு எழுதிய கடிதத்திலேயே அதைச் சொல்கிறார்.

தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்ட அந்தப் பெண்களில் பலர் திரும்பவே இல்லை. ராஸ்வெல் மில்லையாவது பிற்பாடு திரும்பக் கட்டினார்கள். 2000இல் அங்கே அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுத்தூணும் வைத்தார்கள். நியூ மான்செஸ்டரை யாரும் திரும்பக் கட்டவில்லை. காடு ஏறிக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. அந்த மில்லில் நூலான பஞ்சு அடிமைகள் விளைவித்த பஞ்சு. நெய்த துணியை உடுத்தியது அடிமைமுறையைக் காக்க நின்ற படை. மில்லை நிறுத்தியது போரின் கணக்கில் சரி என்று ஒருவர் வாதாடினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் கூலிக்குத் தறி ஓட்டியவளைப் பிள்ளையோடு ரயிலேற்றியதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. பஞ்சு பறித்த அடிமைக்கும் சரி, அந்த நூலை நூற்றவளுக்கும் சரி, அந்தச் செங்கல் சுவரில் ஒரு சிறு பங்காவது உண்டு. இரண்டு பேரையும் 'பேய்' என்ற ஒரே சொல்லில் நீங்கள் துடைத்துவிட்டீர்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் வாசகர் இருப்பார்கள். அதே போரினால் அமெரிக்கப் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் தவித்தபோது, இந்தியப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. திருநெல்வேலிக் கரிசலில் விளைந்ததும் தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. அங்கே மில் எரிந்த வருஷத்தில் இங்கே பருத்திக்காரன் கையில் நாலு காசு புரண்டிருக்கிறது என்ற நினைப்பு, அந்த வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வந்தது. அப்புறம் வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இரண்டு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்தப் படத்தை மறுபடி போட்டு, கீழே 'நியூ மான்செஸ்டர் பஞ்சாலை, 1849–1864' என்று அச்சிடுங்கள். இடம் இருந்தால், அங்கே வேலை செய்த பெண்களை என்ன செய்தார்கள் என்பதற்கு இரண்டு வரி கொடுங்கள். அப்புறம், நம் பக்கத்தில் மூடிப்போன மில்களைச் சுற்றியிருந்த குடியிருப்புகளைப் பற்றி ஒரு தொடர் தொடங்குங்கள். சங்குச் சத்தத்தில் எழுந்தவர்கள், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் நின்ற பெண்கள், ஷிப்ட் மாறும்போது டீக்கடை வைத்திருந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது, சீக்கிரம் போய்க் கேளுங்கள்.

அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறேன். நான் எடுத்த படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் மூன்றாவது, அந்த வாய்க்கால். பார்ப்பதற்கு வெறும் பள்ளமாகத்தான் இருக்கும். ஒன்றுதான் போட இடம் என்றால், அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளியின் மகன்,
விக்கிரமசிங்கபுரம்.