கதைக்குள் வரும் எங்கள் அயலவர்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

அண்மையில் சிறுகதைப் போட்டியொன்றின் நடுவர்களில் ஒருத்தியாக, எங்கள் மாவட்டத்தின் உயர்தர வகுப்பு மாணவர்களும் இளைஞர்களும் எழுதிய கதைகளை ஒரு வாரம் முழுவதும் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். மொழி நடை பழுதில்லை. சில கதைகளில் மாரிகால வன்னியின் மண்வாசனையே எழுந்து வந்தது. ஆனால் எங்களவர் அல்லாத ஒருவர் கதைக்குள் காலடி வைத்ததுமே அந்த எழுத்து உயிரை இழந்துவிடுகிறது. முஸ்லிம் ஒருவர் வந்தால் தராசோ துணிமூட்டையோ இல்லாமல் வரமாட்டார். மலையகத் தமிழர் வந்தால் கூலிக்கு வருவார், கைகட்டி நிற்பார், கதாநாயகனின் இரக்க குணத்தை நாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே அழுவார். சிங்களவர் வந்தால் சீருடையோடு வருவார். எழுதியவருக்கு நல்லெண்ணம் சற்று மிகுந்திருந்தால், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்து ஒரு வசனமும் சொல்லிவிட்டுப் போவார். தங்கள் வாரவெளியீட்டில் வரும் கதைகளிலும் இந்தக் குறையைப் பலமுறை கண்டிருக்கிறேன் என்பதால், இதைத் தங்களுக்கும் தங்கள் வாசகர்களுக்கும் எழுதவேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

ஒரு கதையில், முள்ளியவளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதியவரை ஊர்ப் பிள்ளைகள் “பாய்” என்று கூப்பிடுகிறார்கள். நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்து எழுபது வயதை எட்டுகிறேன். இங்கே ஒருவரையாவது அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. நானா என்போம், காக்கா என்போம், மக்காவுக்குப் போய்வந்தவர் என்றால் ஹாஜியார் என்போம். “பாய்” என்பது தமிழ்நாட்டுச் சினிமாவிலிருந்து இறங்கிய சொல். அந்த மாணவிக்குச் சினிமாவில் வரும் முஸ்லிமைத் தெரிந்திருக்கிறதே தவிர, பக்கத்து ஊர் முஸ்லிமைத் தெரியவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட பின்னர், அந்த அயல் நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது; அவளுடைய தாயும் தகப்பனும் அந்த வெறுமைக்குள் வளர்ந்தவர்கள். ஆகவே பிள்ளையை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் முஸ்லிம்கள் வாழும் நீராவிப்பிட்டி அவளுடைய வீட்டிலிருந்து சைக்கிளில் போய்க் கேட்டுவரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதியில், நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது, பாடசாலைக் கலைவிழாவுக்கு நாடகம் ஒன்று எழுதினேன். அதில் ஒரு முஸ்லிம் வியாபாரி. தொப்பி, தாடி, குறைநிறைத் தராசு. சபை சிரித்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் வகுப்பு முடிந்த பிறகு தண்ணீரூற்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்று, “எங்கட வாப்பா வயல்தானே ரீச்சர் செய்யிறார்?” என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. விளக்கம் கேட்பவளைப் போலத்தான் கேட்டாள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்களில் பலர் எங்களைப் போலவே கமக்காரர் என்பதும், வரம்புத் தகராறிலிருந்து சூடடிப்பு வரை எங்கள் வயல்களும் அவர்கள் வயல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் எழுதும்போது கை பழகிய அச்சைத்தான் எடுத்தது. அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளில் அவளுடைய குடும்பமும் வெளியேற்றப்பட்டது. போர் முடிந்த பின் மீளக்குடியேற வந்தவர்களிடையே, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி அவளைக் கண்டேன். என்னை அடையாளம் கண்டு சலாம் சொன்னாள். மன்னிப்புக் கேட்க எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

மற்றவர்கள் எங்களை எழுதும்போது எப்படி எழுதுகிறார்கள் என்பது வன்னி மக்களாகிய எங்களுக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்தில் வன்னி என்றால் காடும் மலேரியாவும் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. இங்கு கிடைக்கும் ஆசிரிய நியமனத்தைத் தண்டனை இடமாற்றம் என்றே பேசிக்கொண்டார்கள். கதைகளில் வந்த வன்னியான் வெள்ளந்தியானவன், தேனும் வேட்டை இறைச்சியும் கொண்டுவந்து தருபவன், தனக்கென்று ஒரு யோசனை இல்லாதவன். 2009 இன் பின் அந்த அச்சு மாறி இன்னொன்று வந்தது. இப்போது எங்கள் பெண்கள் எல்லாரும் கண்ணீர் வடிக்கும் விதவைகள். எங்கள் வீடுகள் எல்லாம் தறப்பாள் கொட்டில்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறார். கணவரை இறுதிப் போரில் இழந்தவர். செட்டிக்குளம் முகாமில் இருந்து திரும்பி வந்து, இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக ஆளாக்கியவர். அவர் வாய்திறந்தால் ஒழுங்கை முழுவதும் சிரிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் எழுத்தாளர் இரண்டு நாள் அவரோடு இருந்து கேட்டு எழுதிய கதை, ஒரு சஞ்சிகையில் வெளிவந்து பாராட்டும் பெற்றது. நான் அதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் இருந்து, இடையில் ஒரு சொல்லும் பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “எழுதினது நல்லாத்தான் இருக்கு ரீச்சர். ஆனா எனக்குப் பதினேழு ஆடு நிக்கிறதை ஏன் எழுதேல்லை?”

ஐயா, அந்தப் பதினேழு ஆடுகளைப் பற்றி நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். எழுதியவர் பொய் எழுதவில்லை. கணவர் இறந்ததும் உண்மை, முகாமும் உண்மை. ஆனால் ஆடு நின்றால் அவருக்கு விலை பேசத் தெரிந்திருக்கவேண்டும், குட்டி போடும் காலம் தெரிந்திருக்கவேண்டும், களவெடுக்க வந்தவனை ஏசி விரட்டியிருக்கவேண்டும். அதன் பிறகு அவர் வாசகரின் இரக்கத்துக்குக் காத்திருக்கும் பெண்ணாக இருக்க முடியாது. அதனால்தான் ஆடுகளுக்கு அந்தக் கதையில் இடமில்லாமல் போனது. இகழ்ச்சியால் வார்க்கப்படும் பாத்திரத்தை எல்லோரும் இனங்காண்பார்கள். இரக்கத்தால் வார்க்கப்படுவதை எழுதியவரே அறியமாட்டார்.

அப்படி எழுதப்பட்ட நாங்களே, எங்களோடு வாழும் மலையக மக்களை எப்படி எழுதுகிறோம் என்று பார்க்கவேண்டும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் இருந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்தார்கள். 1958 இலும் 1977 இலும் நடந்த வன்செயல்களால் தோட்டங்களையும் தென்பகுதியையும் விட்டு ஓடிவந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. அவர்களுடைய முன்னோர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்ததும் இந்த வன்னிப் பெருநிலத்தின் காடுகளுக்குள்ளால்தான். நோயாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் இங்கு வந்த இருநூறு ஆண்டு நிறைவையொட்டி 2023 இல் அந்த வழியை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். இறுதிப் போரில் முள்ளிவாய்க்கால் வரை எங்களோடு நடந்தவர்களிலும், திரும்பி வராதவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் எங்கள் கதைகளில் அவர்கள் இன்றைக்கும் நேற்று வந்தவர்கள்; பெயர் முனியாண்டி அல்லது மாரியாயி; வீடு தோட்டத்து வரிசை வீடான லயம். கிளிநொச்சியில் லயம் எங்கே இருக்கிறது? பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ அரை மணி நேரம் நின்றால், அங்குள்ள பிள்ளைகளின் பெயர்கள் எங்கள் பிள்ளைகளின் பெயர்கள்தான் என்பதும், அவர்களுடைய பேச்சும் பெரும்பாலும் எங்கள் பேச்சுத்தான் என்பதும், வேறுபாடு எல்லாம் உறவுமுறைச் சொற்களிலும் சில சடங்குகளிலும் மட்டும் நுட்பமாக ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

சடங்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. போட்டிக்கு வந்த ஒரு கதையில் மலையக மக்களின் காமன் கூத்து சித்திரை மாதத்தில், ஒரு கல்யாண வீட்டில், விருந்தினரை மகிழ்விக்க ஆடப்படுகிறது. காமன் கூத்து மாசி மாதத்துக்கு உரியது. காமன் ஊன்றி, விரதம் இருந்து, ஊரே கூடி நடத்துவது. மன்மதன் எரிந்ததும் ரதி புலம்பும் இடத்தில் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்காகக் கடல்நீரில் எரியும் விளக்கை, ஒருவர் ஐப்பசி மாதத்து வேடிக்கையாக எழுதினால் எங்கள் நெஞ்சு பொறுக்குமா? மற்றவருடைய வழிபாட்டைக் கதைக்கு நிறம் பூசுவதற்காக மட்டும் எடுத்துக்கொள்வதை நான் களவு என்றே சொல்வேன்.

இதைவிட என்னை வருத்திய சம்பவம் முன்னொரு போட்டியில் நடந்தது. பரிசு பெற்ற கதை, கொழுந்து பறிக்கும் சிறுமி ஒருத்தி ‘நான்’ என்று தன் கதையைத் தானே சொல்வதாக எழுதப்பட்டது. எழுதியவர் மலையகத்தைக் கண்டதில்லை என்று பரிசளிப்பின்போது தாமாகவே சொன்னார். அதே போட்டிக்கு, கிளிநொச்சியில் பிறந்த மலையகக் குடும்பத்து மாணவன் ஒருவனும் எழுதியிருந்தான். நாற்பது வருடமாக இருந்து வாழும் வளவுக்குக் காணி உறுதி இல்லாத ஒரு கிழவியின் கதை. அலுவலகத்துக்குப் போகும் நாளில் அவர் தன் ஒரேயொரு நல்ல சேலையை எடுத்து, மடிப்புக் குலையாமல் உதறி, பிறகு ‘இதைக் கட்டிக்கிட்டுப் போனா வசதியானவனு நெனைப்பாங்க’ என்று திரும்ப மடித்து வைக்கும் ஓர் இடம் அதில் வருகிறது. அந்த ஒரு வரிக்காகவே பரிசு கொடுத்திருக்கலாம். ஆனால் முதற்சுற்றிலேயே அந்தக் கதை கழிக்கப்பட்டிருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். “அப்பாயி” என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே “அப்பம்மா” என்று திருத்தியிருந்தார்கள். எழுத்துப் பிழைக்குப் புள்ளியும் குறைத்திருந்தார்கள். அவனுடைய தகப்பனின் தாயை அவன் அழைக்கும் சொல் அது. அவர்களுடைய குரலை இரவல் எடுத்தவருக்குப் பரிசும், குரலுக்கு உரியவனுக்குச் சிவப்பு மையும் கிடைத்தன.

இப்படியெல்லாம் சொன்னால், பிறரைப் பற்றி எழுதவே கூடாதா, கற்பனைக்கு வேலி போடுகிறீர்களா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தன் இனத்தவரை மட்டுமே எழுதினால், முஸ்லிமும் மலையகத்தவரும் சிங்களவரும் இல்லாத ஒரு வன்னி கதைகளில் உருவாகும். அது இன்னும் பெரிய பொய். சூடடிப்பைப் பற்றி எழுத விரும்பும் பட்டணத்துப் பிள்ளை, களத்தில் நெல்லைப் பொலி என்று சொல்வார்கள் என்பதை ஒரு கமக்காரரிடம் கேட்டுத்தானே அறிகிறான்? ஒரு பொருளின் பெயருக்குக் காட்டும் அக்கறையை ஒரு மனிதருக்குக் காட்டுவதில் என்ன சிரமம்? கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், எழுதிய பின் அவரிடமே வாசித்துக் காட்டட்டும், முகம் சுருங்கும் இடத்தில் நின்று யோசிக்கட்டும். அந்தப் பாத்திரத்துக்கு எங்களோடு தொடர்பில்லாத ஓர் ஆசையோ கவலையோ பிடிவாதமோ இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். நான் அறிந்தவரை, அச்சில் வார்த்த பாத்திரங்களுக்கு அது ஒன்றுதான் இருப்பதில்லை. கதாநாயகனைச் சந்திக்காத நேரத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எழுதியவருக்கே தெரியாது.

பேச்சு மொழியிலும் ஓர் அநீதி நடக்கிறது. எங்களவர் பேசுவதைச் செம்மைப்படுத்தி எழுதிவிட்டு, மற்றவர் பேசுவதை மட்டும் உடைத்து, நசித்து, சிரிப்புக்கு இடமாக எழுதுகிறார்கள். சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தில் பெரிய பொட்டும் கொச்சைச் சிங்களமுமாக வரும் தமிழ்ப் பெண்ணைக் கண்டு கொதிக்கின்ற நாங்கள், எங்கள் கதையில் வரும் சிங்களவரின் தமிழை அதே விதமாக எழுதுகிறோம். பேச்சுத் தமிழில் எழுதுவதானால் எல்லோருடைய பேச்சையும் அப்படி எழுதவேண்டும். செம்மைப்படுத்துவதானால் எல்லோருக்கும் அதைச் செய்யவேண்டும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தங்கள் பத்திரிகை நடத்தும் சிறுகதைப் போட்டிகளின் நடுவர் குழுவில் மலையக, முஸ்லிம் சமூகங்களைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசுரத்துக்கு வரும் கதைகளில் உறவுமுறைச் சொற்களையும் வட்டார வழக்குகளையும், எழுதியவரைக் கேளாமல் திருத்த வேண்டாம் என்று ஒப்புநோக்குவோருக்கும் சொல்லிவையுங்கள்.

மேலே நான் குறிப்பிட்ட மாணவனின் கதையை, அவனுடைய சம்மதத்துடனும் அவனுடைய பெயருடனும், ஒரு சொல்லையும் மாற்றாமல் இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்த வாரவெளியீட்டில் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
முள்ளியவளை.