ஊராட்சி மன்றம் இல்லாத காலத்தில் பள்ளி, அங்கன்வாடி, குழந்தைகள் பாதுகாப்பு ஆகியவற்றைக் கண்காணிக்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

நாள்: 28.07.2025

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், உறுப்பினர்கள் மற்றும் பெற்றோர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.
(ஊர், ஒன்றியம், கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: தனி அலுவலர் பொறுப்பிலுள்ள ஊராட்சியில் பள்ளி மேம்பாடு, குழந்தைகள் நலன் குறித்த ஊர்க் கண்காணிப்பு நின்றுபோயிருப்பது – தேர்தல் வரை மாற்று ஏற்பாடு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள ஓர் ஊராட்சியைச் சேர்ந்த பெற்றோர். எங்கள் பிள்ளைகள் ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும், அதன் மதிலை ஒட்டிய அங்கன்வாடியிலும் இருக்கிறார்கள். கடந்த 05.01.2025 அன்று ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, எங்கள் ஊராட்சி, மன்றத்துக்குப் பதிலாகத் தனி அலுவலராக நியமிக்கப்பட்ட வட்டார வளர்ச்சி அலுவலரின் பொறுப்பில் வந்தது. தேர்தல் எப்போது என்பது அரசு முடிவெடுக்க வேண்டியது. அதைப் பற்றி இந்த மனுவில் எதுவும் கேட்கவில்லை. அதுவரை எங்கள் பள்ளியையும் அங்கன்வாடியையும் ஊர் சார்பில் கவனிக்க வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர் மாதம் ஒருமுறையாவது ஊருக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை.

நடந்த ஒன்றைச் சொன்னால் நிலைமை புரியும். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கோடையில் காயில் எரிந்து நின்றது. ஜூனில் பள்ளி திறந்தபோதும் சின்டெக்ஸ் டேங்க் காலியாகத்தான் இருந்தது. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதினார். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் ஊராட்சியின் சொத்து, எனவே ஊராட்சியைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஊராட்சிச் செயலரைக் கேட்டால், தனி அலுவலர் ஒப்புதல் இல்லாமல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்றார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் ஏற்றினோம். இதற்கிடையில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மதிய இடைவேளையில் வீட்டுக்கு நடந்து போய் வந்தார்கள். தூரத்து வீட்டுப் பிள்ளைகள் சிலர் மதியத்துக்கு மேல் திரும்பி வரவே இல்லை. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கே அனுப்பாத தாய்மார்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் பெற்றோர் வீட்டுக்கு வீடு பணம் திரட்டிக் காயில் கட்டினோம். முன்பு இதே மோட்டார் பழுதானபோது ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும், மறுநாளே மெக்கானிக் வந்துவிடுவார். அவர் எங்களுக்குப் பயப்பட்டதால் அல்ல, அவருடைய பேத்தியும் அந்தப் பள்ளியில் படித்ததால்.

இதைச் சொல்வதற்குக் காரணம், தனி அலுவலர் மீதோ மற்ற அலுவலர்கள் மீதோ புகார் சொல்வதல்ல. தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்களும் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் இருக்கின்றன. சராசரியாகப் பார்த்தாலே ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல் வருகிறது. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் அத்தனை ஊருக்கும் தலைவராக இருந்துகொண்டு, எங்கள் ஊர்க் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க அவரால் முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் சட்டம் அந்தக் கடமையை யார் மீது வைத்திருக்கிறது என்பதும் தெரியும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயது வரையிலான எல்லாக் குழந்தைகளின் விவரத்தையும் பராமரிப்பது, சேர்க்கையையும் வருகையையும் படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வது, இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது, பள்ளிகளின் செயல்பாட்டைக் கண்காணிப்பது ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகச் சொல்கிறது. 32ஆம் பிரிவின்படி குழந்தையின் உரிமை குறித்த புகாரை எழுத்தில் பெற்று மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்வதும் அதன் பொறுப்பே. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வியும், பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடும் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் இடம்பெற்றிருக்கின்றன. மன்றம் கலைந்தாலும் கடமை கலையாது என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் கல்விக் குழு என்று ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால், மன்றம் இருந்த காலத்திலேயே அது எங்கள் ஊரில் கூடி நாங்கள் பார்த்ததில்லை. அதன் வேலையை ஓரளவு செய்தது பள்ளி மேலாண்மைக் குழுதான். 2022இல் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்ட குழுவாக ஆனது. வார்டு உறுப்பினர் குழுவில் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் அப்படியே ஊராட்சிக்குப் போனது. இப்போது அந்த நாற்காலிகள் காலி. நாங்கள் தீர்மானம் போடுகிறோம், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம், அதை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க ஆள் இல்லை.

இதைவிடக் கவலை தருவது கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. அதன் தலைவர் ஊராட்சித் தலைவர். ஜனவரிக்குப் பிறகு அந்தக் குழு கூடவில்லை. கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது ஊருக்கே தெரிந்திருந்தது. யாரிடம் சொல்வது என்று எல்லோரும் தயங்கியபோது, எங்களில் ஒரு பெண் தன் கைபேசியிலிருந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தார். அலுவலர்கள் வந்தார்கள், பெற்றோரிடம் பேசினார்கள், கல்யாணம் நின்றது. அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். அழைத்தவர் யார் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாக அவரால் நிம்மதியாக நடக்க முடியவில்லை. குழு இருந்திருந்தால், குழு கூடி எடுத்த முடிவு என்று போயிருக்கும். ஒருத்தி தலையில் அந்தப் பகை விழுந்திருக்காது. ஊரில் நல்லது செய்கிறவர் தனியாக நிற்காமல் இருக்கத்தான் இந்தக் குழுக்களே தவிர, கோப்பில் எண்ணிக்கை காட்ட அல்ல.

சூளைக்குப் போகும் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கல் கழிந்ததும் எங்கள் காலனியிலிருந்து திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. பாட்டி வீட்டில் இருந்தால் பிள்ளை இங்கே தங்கும், இல்லையென்றால் கூடவே போகும். போன பிள்ளை அங்கே எந்தப் பள்ளியில் சேர்ந்தது, சேர்ந்ததா இல்லையா என்பது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. பல நாள் வராத பிள்ளையின் பெயர், கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. எந்த வீடு எந்த மேஸ்திரியோடு எந்தச் சூளைக்குப் போனது என்பது வார்டு உறுப்பினருக்கு விரல் நுனியில் இருக்கும். ஆசிரியர் அவரைத்தான் கேட்பார். இந்த வருடம் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. சூளை வேலை முடிந்து திரும்பி வந்த பிள்ளைகளில் சிலர் இன்னும் பள்ளிப் பக்கம் வரவில்லை. ஆடு மேய்க்கும் ஒரு பையனை எங்களுக்கே தெரியும். ஐந்தாம் வகுப்பில் அழகாகப் படம் வரைந்தவன்.

படிப்பின் தரத்தைப் பற்றிக் கேட்கவும் எங்களுக்கு உரிமை வேண்டும். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்று 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் உழைக்கிறார்கள், மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றுகிறார்கள். அந்த விவரம் மேலே போகிறது, ஊருக்கு வருவதில்லை. எங்கள் பள்ளி மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறாமல் படிக்க வருகிறது என்ற ஒரு எண், பிள்ளைகளின் பெயர் இல்லாமல், எங்களுக்குத் தெரிந்தால் போதும். எங்கள் கணித ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போனதை, பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஏன் போனார், எப்போது வருவார், அதுவரை கணக்குப் பாடம் யார் எடுப்பார் என்று கேட்க ஓர் இடம் வேண்டாமா?

எங்கள் பள்ளியில் குறையில்லாமல் நடப்பது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். அதைச் சமைப்பவர்கள் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தினமும் அருகிலிருந்து பார்க்கும் கண்கள் இருப்பதால்தான் உப்புமாவில் வண்டு வருவதில்லை, ரவை குறைவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடியில் அப்படிப் பார்க்க ஆள் குறைவு. கூரையில் ஒழுகும் மூலையில்தான் சத்துமாவு மூட்டை வைக்க வேண்டியிருக்கிறது, வேறு இடமில்லை. பணியாளர் அம்மா மூட்டைக்கு அடியில் செங்கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார். வாரம் மூன்று முட்டையும் சரியாகக் கொடுக்கிறார். கூரையைப் பற்றித் தன் துறைக்கு எழுதிவிட்டார். கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டியது ஊராட்சியா, ஒன்றியமா, அவருடைய துறையா என்பதற்கு யாரும் திட்டவட்டமாகப் பதில் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு இடிக்கப்பட்டன. அப்படி ஒரு துயரத்துக்குப் பிறகு ஆய்வு செய்வதைவிட, மழைக்கு முன் ஒரு பொறியாளர் வந்து இந்தக் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

தனி அலுவலரால் நேரில் வர இயலாவிட்டால், மண்டலத் துணை வட்டார வளர்ச்சி அலுவலரையோ தாங்கள் தகுதியெனக் கருதும் வேறு அலுவலரையோ எங்கள் ஊராட்சிக்குப் பெயர் குறிப்பிட்டு நியமித்து, மாதந்தோறும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கலந்துகொள்ள உத்தரவிட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் அதே நாளில் வந்தால், பள்ளியும் அங்கன்வாடியும் ஒரே உட்காரலில் பேசி முடியும். அந்தக் கூட்டத்தில் எடுக்கும் தீர்மானத்துக்கு முப்பது நாளுக்குள் ‘ஆகும்’, ‘ஆகாது’, ‘இந்தத் துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று ஏதேனும் ஒரு பதில் எழுத்தில் வர வேண்டும். ஆகாது என்றாலும் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வோம்.

குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தேர்தல் வரை ஒரு பொறுப்புத் தலைவரை நியமித்து, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முன்னிலையில் ஆகஸ்ட் மாதத்துக்குள் அதைக் கூட்ட வேண்டும். தகவல் தருபவரின் அடையாளம் வெளியே தெரியாமல் காப்பது அதன் முதல் பொருளாக இருக்கட்டும்.

பள்ளி, அங்கன்வாடியின் குடிநீர், கழிப்பறை, மின்சாரம் சார்ந்த சிறு பழுதுகளுக்கு ஊராட்சிப் பொது நிதியிலிருந்து ஒரு வரம்புக்குள் உடனே செலவு செய்துவிட்டு, பிறகு ஒப்புதல் பெற்றுக்கொள்ள ஊராட்சிச் செயலருக்கு அனுமதி தர வேண்டும். வரம்பு எவ்வளவு என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

சூளைக்குப் போய் வந்த பிள்ளைகளின் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க, ஆசிரியரோடு ஊராட்சிப் பணியாளர் ஒருவரையும் எங்கள் குழுவையும் சேர்த்து ஒரு வாரம் பணிக்க வேண்டும். ஆசிரியரை மட்டும் அனுப்பினால் அந்த வாரம் வகுப்பு நின்றுவிடும். அடுத்த பொங்கலுக்கு முன் கிளம்பும் குடும்பங்களின் விவரத்தையும் எடுத்து, போகும் மாவட்டத்தின் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

கடைசியாகக் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. பொருள் பட்டியல் மேலிருந்து வருகிறது. பள்ளி விஷயம் ‘இதர பொருள்கள்’ என்று கடைசியில் வரும்போது வேலைக்குப் போகிற பெண்கள் எழுந்து போயிருப்பார்கள். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் ‘பள்ளியும் குழந்தைகள் நலனும்’ என்பதைத் தனிப் பொருளாக, முதல் மூன்று பொருள்களுக்குள் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் நேரில் வந்து, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளிக்கே வராதவர்கள் எத்தனை பேர், எடை குறைந்த குழந்தைகள் எத்தனை பேர், காலிப் பணியிடங்கள் எத்தனை என்ற நான்கு விவரங்களையும் வாசிக்கட்டும். அவர்களைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது எங்கள் நோக்கமல்ல. தத்தம் துறைக்கு எழுதி எழுதிக் காத்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் கோரிக்கைகளை ஊர்த் தீர்மானமாக்கி அனுப்ப நாங்கள் தயாராக இருக்கிறோம்.

மேற்கண்டவற்றில் ஆகஸ்ட் 15 கிராம சபை குறித்த உத்தரவும், அங்கன்வாடிக் கூரை ஆய்வும் அவசரம். மற்றவற்றுக்குத் தங்கள் பரிசீலனைக்குப் பின் பதில் தந்தால் போதும். தாங்கள் விரும்பினால், எந்த நாளிலும் குழு உறுப்பினர்கள் நேரில் வந்து விளக்கம் தருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பெற்றோரும்

இணைப்பு: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், அங்கன்வாடிக் கூரையின் புகைப்படங்கள், பெற்றோர் கையொப்பப் பட்டியல்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், தனி அலுவலர் (ஊராட்சி).